மேலூரில் இருந்து மணிலா போக முடியுமா? கேள்விகளும் என் பதில்களும்

ஊரக வளர்ச்சித் துறையில் 31 வருஷம் இருந்தேன். அதில் பாதி, வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்கள். ஓய்வுக்குப் பிறகு நேபாளத்திலும் கம்போடியாவிலும் சில மாதங்கள் ஆலோசகர் வேலை. மதுரைப் பிள்ளைகள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம் படிக்கிறேன். அரசு அதிகாரியாக இருந்துகொண்டே உலக வங்கி, ஐ.நா. பக்கம் போக எந்தப் பரீட்சை எழுத வேண்டும்? (மேலூர்)

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான்மா நேர் வழி. பொதுப் பிரிவுக்கு 32 வயது வரை 6 முறை எழுதலாம். கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. என்றால் 35 வரை 9 முறை. ஐ.எஃப்.எஸ். கிடைத்தால் வெளியுறவு அமைச்சகம். இந்தியா பிற நாடுகளுக்குச் செய்யும் உதவிகளைக் கவனிக்க 2012-ல் அங்கே தனிப் பிரிவே வந்துவிட்டது. இலங்கையில் வடக்கு, கிழக்கு, மலையகம் என்று 50,000 வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் இந்த வகை வேலைதான். தமிழ் தெரிந்த அதிகாரிக்கு அங்கே என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஐ.ஏ.எஸ். என்றால் டெல்லியில் பொருளாதார விவகாரத் துறை. உலக வங்கிக் கடன், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் எல்லாக் கோப்பும் அந்த மேஜையைத் தாண்டித்தான் வரும். அங்கே இருந்தவர்கள் உலக வங்கி இருக்கும் வாஷிங்டனுக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி இருக்கும் மணிலாவுக்கும் டெபுடேஷனில், அதாவது அயல்பணியில், போவது உண்டு.

ஐயா, குரூப் 1 எழுதி உதவி இயக்குநர் ஆகியிருக்கிறேன். ஐ.ஏ.எஸ். இல்லாதவனுக்கு இந்தப் பக்கம் வழி இருக்கிறதா? (உசிலம்பட்டி)

தம்பி, நான் வந்ததே அந்த நாற்காலியில் இருந்துதான்.

1989-ல் தர்மபுரியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நிதி உதவி, ரோமில் இருக்கும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். நாங்கள் இஃபாட் என்போம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது மதுரைக்கும் வந்தது. இன்றைக்கு நாம் மகளிர் திட்டம் என்பதற்கு வேர் அங்கேதான்.

அப்போது நான் இளம் அதிகாரி. மிஷன், அதாவது நிதி தருபவர்களின் ஆய்வுக் குழு, வருகிறது என்றால் கலெக்டர் ஆபீஸே சுண்ணாம்பு அடித்துக்கொள்ளும். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மகளிர் குழுவைப் பார்க்க அப்படி வந்த வெள்ளைக்கார அம்மா, கடன் பதிவேட்டைக் கேட்டார். ஒரு பாட்டி எழுந்து, "கட்டுறது நாங்க, எண்ணுறது இவுகளா?" என்றது. நான் நைச்சியமாக, பாட்டி வரவேற்கிறார் என்று மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்ததைப் பார்த்த அந்த அம்மா விடவில்லை. சரி என்று உள்ளதைச் சொன்னேன். பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்கவில்லை.

இன்னொன்று, காசு வரும் விதம். இந்த மாதிரித் திட்டங்களில் பெரும்பாலும் நாம் முதலில் செலவழித்து, பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெற வேண்டும். வவுச்சரில் தேதி பிசகினால் அந்தத் தொகை நம் தலையில். ஒருமுறை ஒரு கட்டு வவுச்சர் அப்படியே திரும்பி வந்து, மூன்று வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்தோம். நேபாள வேலைக்கான நேர்காணலில் என் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. இந்த வவுச்சர் கதையைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். அதனால் வெளிநாட்டு நிதித் திட்டம் உங்கள் மாவட்டத்துக்கு வந்தால் ஓடி ஒளியாமல் கேட்டு வாங்குங்கள்.

தோப்பூர் எய்ம்ஸுக்கு ஜப்பான் தருவது தானமா, கடனா? (திருமங்கலம்)

கடன். 2019 ஜனவரியில் அடிக்கல், 2021 மார்ச்சில்தான் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம். மதிப்பிட்ட 1,977.8 கோடியில் 1,627.7 கோடி அவர்கள் பங்கு. கையெழுத்திடுவதும் திருப்பிக் கட்டுவதும் மத்திய அரசு. நடுவில் ஓடிய இரண்டு வருஷத்தை நம் ஊர் எப்படிக் கேலி செய்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கடன் கொடுப்பவர் கள ஆய்வு, மதிப்பீடு எல்லாம் முடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அந்த ஆய்வுக்குத் தகவல் திரட்டித் தருவதும் அதிகாரிகள் வேலைதான்.

டாலரில் சம்பளமாமே? (செல்லூர்)

ஆலோசகருக்கு நாள் கணக்கு. வேலை உள்ள நாளுக்குத்தான் காசு. அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

அம்மாவைத் தனியாக விட முடியாது. மதுரையிலேயே இருந்து செய்ய வழி உண்டா? (வாடிப்பட்டி)

உண்டு, ஆனால் அரசு வேலை இல்லை. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்கா, ஆசியா எங்கும் இருந்து மருத்துவமனைக்காரர்கள் மதுரைக்கு வந்து கற்றுப் போகிறார்கள். களஞ்சியம் என்ற மகளிர் சுய உதவிக் குழுக்களை நடத்தும் தானம் அறக்கட்டளையும் இங்கேதான். உலகம் நம் ஊருக்கு வரும்போது நீங்கள் ஏன் ரயில் ஏற வேண்டும்?

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம்தான் பயம். (அவனியாபுரம்)

பேச்சு தானாக வரும் தம்பி. எழுத்துதான் முக்கியம். மிஷன் கிளம்பும் முன்னால் ஒரு குறிப்பறிக்கை எழுதுவார்கள். எதை யார் எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கும். அவ்வளவு ஆங்கிலம் போதும். உங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்துக்குப் போய், நடந்ததை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டேன்.