கேள்வி – பதில்: கண்வலி விதை உயிரணுவுக்குள் என்ன செய்கிறது?

எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு போட்டு, விதையை வியாபாரியிடம் கொடுக்கிறோம். "மருந்துக்குப் போகுது" என்பதோடு சரி. உடம்புக்குள் போய் அது என்னதான் செய்கிறது? (விவசாயி, ஒட்டன்சத்திரம்)

விதையிலிருந்து எடுப்பது கோல்சிசின். யூரிக் அமிலம் கூடிக் கால் கட்டைவிரல் வீங்கும் கவுட் நோய்க்கான மாத்திரை. அது பிடிப்பது டியூபுலின் என்ற புரதத்தை.

டியூபுலினைச் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா, பீட்டா என இரண்டு துண்டு ஒட்டிய இரட்டைச் செங்கல். நீளம் 8 நானோமீட்டர். வரிசையாகக் கோத்தால் ஓர் இழை. பெரும்பாலும் 13 இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து 25 நானோமீட்டர் அகலக் குழாயாகின்றன. இந்த நுண்குழாய் கட்டிமுடித்த சுவர் அல்ல. நுனியில் வளரும், திடீரென்று சரியும், மறுபடி வளரும். 1984இல் விஞ்ஞானிகள் மிட்சிசன், கிர்ஷ்னர் இருவரும் இதை எடுத்துக்காட்டினார்கள்.

தனியாகத் திரியும் செங்கல் சற்று வளைந்திருக்கும். சுவரில் உட்கார நிமிர வேண்டும். கோல்சிசின் ஆல்ஃபாவும் பீட்டாவும் சேரும் மூட்டில் ஆப்புப் போல இறங்கி நிமிரவிடாமல் தடுக்கிறது. எல்லாச் செங்கலையும் பிடிக்கத் தேவையில்லை. நுனியில் ஒருசில கோணல் செங்கல் சேர்ந்தாலே மேற்கொண்டு கட்டுமானம் நின்றுவிடும். குழாய் இல்லாமல் வெள்ளணுக்கள் மூட்டை நோக்கி ஒழுங்காக நகர முடியாது. அதனால் வீக்கம் தணிகிறது.

அளவு மிஞ்சினால் அடி விழுவது ஓயாமல் பிரியும் அணுக்களுக்கு. முதலில் குடல் (வாந்தி, பேதி), பிறகு எலும்பு மஜ்ஜை. டயாலிசிஸ் செய்தும் வெளியேற்ற முடியாது. 0.5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறவர் கிளாரித்ரோமைசின் சேர்த்து விழுங்கி இறந்த சம்பவங்கள் உண்டு. அந்த ஆன்டிபயாடிக், கோல்சிசின் உடம்பைவிட்டு வெளியேறும் வழியை அடைத்துவிடும். நீங்கள் விதை உடைக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். தெரியாமல் யாரும் எடுத்துச் சமைத்துவிடாதபடி, இந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கோடு ஒரே மூலையில் வைக்காதீர்கள்.

வெங்காய வேர்நுனியை 0.05 சதவீதக் கோல்சிசினில் 3 மணி நேரம் வைத்தோம். ஆனாலும் குரோமோசோம்கள் இரு பக்கமும் பிரியும் அனாஃபேஸ் நிலை வழக்கம்போலத் தெரிகிறது. கரைசல் போன மாதம் கலக்கியது. ஜன்னலோர அலமாரியில் இருந்தது. (கல்லூரி மாணவி, திருச்சி)

குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பது அந்த நுண்குழாய்கள்தான். அதனால் அனாஃபேஸ் தெரிந்தால் மருந்து வேலை செய்யவில்லை. முதல் சந்தேகம் அந்த ஜன்னல்மேல்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் கோல்சிசின் லூமிகோல்சிசினாக மாறும். மூலக்கூறில் உள்ள அணுக்கள் (atoms) அதே எண்ணிக்கை, வடிவம் மட்டும் வேறு, டியூபுலினில் ஒட்டாது.

புதிதாக 50 மி.கி.யை 100 மி.லி. நீரில் கரையுங்கள். பழுப்புப் பாட்டில், மேலே அலுமினியத் தாள், ஃபிரிட்ஜ். 1 முதல் 2 செ.மீ. வளர்ந்த வேர் எடுங்கள். மருந்தில் 3 மணி நேரம் வைத்துக் கழுவியபின், எத்தனால் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலவையில் ஓர் இரவு. மறுநாள் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், பிறகு அசிட்டோகார்மைன் சாயம். நசுக்க வேண்டியது நுனியின் 1–2 மி.மீ. மட்டும். பலர் அதற்கு மேலே உள்ள, பிரிதல் ஓய்ந்த பகுதியை நசுக்கிவிட்டு மருந்தைத் திட்டுவார்கள்.

சரியாக வந்தால் 16 குரோமோசோம்களும் அங்கங்கே சிதறி, கத்தரிக்கோலை விரித்ததுபோலக் கிடக்கும். நேரம் கூடினால் குட்டையாகிப் பொம்மிவிடும். ஒரு நாள் விட்டுவைத்தால் 32 குரோமோசோம் உள்ள அணுக்களும் கண்ணில் படலாம். மனித இரத்த அணுக்களுக்குக் கோல்சிசினின் உறவான கோல்செமிட் ஒரு மி.லி.க்கு 0.1 மைக்ரோகிராம் போதும். வெங்காயத்துக்கு நீங்கள் ஊற்றுவது 500. தாவர டியூபுலின் கோல்சிசினை அவ்வளவு லேசாகத்தான் பிடிக்கிறது.

பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. அந்த 50 மி.கி. ஓர் ஆளைக் கொல்லப் போதும்.

நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் குழாயைக் கலைக்கும், பேக்ளிடாக்செல் குழாயை இறுக்கும் என்கிறார்கள். எதிரெதிர் வேலை செய்யும் இரண்டும் எப்படிப் புற்றுநோய்க்கு மருந்தாகும்? (செவிலியர், தூத்துக்குடி)

மருந்து நிறைய இருந்தால்தான் அந்த எதிரெதிர். வின்கிரிஸ்டின் போன்ற வின்கா மருந்துகள் ஒரு டியூபுலின் செங்கலுக்கும் அடுத்த செங்கலுக்கும் நடுவே நுழைகின்றன. பேக்ளிடாக்செல் குழாயின் உட்புறத்தில் பீட்டாவில் ஒட்டி, பக்கத்து இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. 1979இல் விஞ்ஞானி சூசன் ஹார்விட்ஸ் இதைச் சொன்னபோது புதுமை. அதுவரை தெரிந்த விஷங்கள் எல்லாம் கலைப்பவை.

மிகக் குறைந்த அளவில் இரண்டும் செய்வது ஒன்றே: குழாய் நுனியின் வளர்ச்சியையும் சரிவையும் மந்தமாக்குவது. அணு பிரியும்போது குழாய்கள் நீண்டு குறுகித் துழாவித்தான் குரோமோசோம்களைப் பிடிக்கின்றன. ஒன்று பிடிபடாவிட்டாலும் அணு காத்திருக்கும். காத்திருந்தே சாகும், அல்லது பிரியாமல் தப்பி வெளியேறும். அப்படித் தப்புவதும் சிகிச்சை தோற்பதற்கு ஒரு காரணம்.

வின்கிரிஸ்டின் ஏறிய பிறகு அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போகிறது, மலச்சிக்கல் வேறு. நரம்பணு பிரிவதே இல்லையே, அதற்கு ஏன் பாதிப்பு? (வாசகி, மதுரை)

நரம்பணுவுக்குக் குழாய்கள் பிரிவதற்கல்ல, சுமை ஏற்றிச் செல்லும் தண்டவாளமாக. முதுகுத்தண்டருகே தயாராகும் சரக்கு கால்விரலுக்குப் போகச் சுமார் 1 மீட்டர். வேகமான வண்டிக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். தண்டவாளம் கெட்டால் கடைசி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி. அதனால் கால்விரல், பிறகு கைவிரல். குடலை அசைக்கும் நரம்புகளும் தப்புவதில்லை.

மலமிளக்கியை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சட்டைப் பித்தான் போடச் சிரமம், நடக்கையில் பாதம் தொங்குதல், தாடை வலி இருந்தால் அடுத்த டோஸ் வரை காத்திராமல் சொல்லுங்கள். இட்ராகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அவை வின்கிரிஸ்டினை உடம்பில் தங்கவைக்கும். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மி.கி.க்கு மேல் பொதுவாகப் போவதில்லை. மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரம் மரமரப்பு கூடலாம், பயப்பட வேண்டாம்.

அல்பெண்டசோல் கொடுத்தும் ஆட்டுக்குப் புழு போகவில்லை. (வாசகர், புதுக்கோட்டை)

அதுவும் டியூபுலின் மருந்துதான்; புழுவின் பீட்டா டியூபுலினை இறுக்கிப் பிடிக்கும். இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவில் அந்தப் புரதத்தின் 200ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே பிடி நழுவும். ஃபென்பெண்டசோலுக்கு மாறிப் பயனில்லை, ஒரே குடும்பம். கால்நடை மருத்துவரிடம் லெவாமிசோல் போன்ற வேறு வகை கேளுங்கள். கண் மதிப்பில் குத்துமதிப்பாக ஊற்றாமல் ஆட்டை நிறுத்துக் கொடுங்கள். குறைந்த டோஸில் பிழைப்பது எதிர்ப்புள்ள புழுதான். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம். கருவின் அணுக்களும் அப்போது பிரிந்துகொண்டேதான் இருக்கும்.