லெவி பிடிக்கும்போது மட்டும் சங்கம் கசக்கிறதா?

கேள்வி: அரசு வங்கி ஒன்றில் கிளார்க்காக இருக்கிறேன். மாதாமாதம் சங்கச் சந்தா பிடிக்கிறார்கள். ஊதிய ஒப்பந்தம் வந்தால் அரியர்ஸில் லெவி என்று சங்கம் ஒரு பங்கு பிடிப்பது வேறு. சங்கத்தில் சேராதவருக்கும் அதே சம்பள உயர்வுதான். நான் மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: ஓசியில் கிடைப்பதற்கு எதற்குக் காசு என்கிறீர்கள். சரி, அந்த 'அதே சம்பள உயர்வு' வந்த கதையைப் பார்த்துவிடுவோம்.

2017 நவம்பரிலிருந்து அமலாக வேண்டிய ஒப்பந்தத்துக்கு, நிர்வாகங்களின் தரப்பான இந்திய வங்கிகள் சங்கம் முதலில் தருவதாகச் சொன்னது 2 சதவீதம். 2018 மே 30, 31 தேதிகளில் வேலைநிறுத்தம் நடந்தது. அப்புறமும் இழுத்தடித்தார்கள். 2020 ஜனவரி 31, பிப்ரவரி 1 என்று மறுபடியும் இரண்டு நாள். அந்த வருடம் நவம்பர் 11 அன்று கையெழுத்தானபோது அது 15 சதவீதம். வெளியே கோஷம் போட்டவர்களுக்கு அந்த நாட்களின் சம்பளம் போயிற்று. உள்ளே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு அதுவும் போகவில்லை, அரியர்ஸிலும் பைசா குறையவில்லை. அவரைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். பொறாமை அல்லவா வருகிறது!

2024 மார்ச் 8-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 17 சதவீதம். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வீட்டில் இருக்கிறீர்களே, அது 2015 ஒப்பந்தத்தில் வந்தது.

சம்பளத்தை விடுங்கள். மேலாளர் அவசரத்தில் கேட்டார் என்று உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் ஐடியில் ஒரு மோசடிப் பதிவு அகப்படுகிறது. மெமோ, சஸ்பென்ஷன், சார்ஜ் ஷீட், என்கொயரி. மேலாளரோ மாற்றலாகிப் போயிருப்பார். 'எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். துறை விசாரணையில் வக்கீல் வைத்துக்கொள்ள வங்கியின் அனுமதி வேண்டும். யாருடைய தயவும் இல்லாமல் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரக்கூடியவர் சங்கப் பிரதிநிதிதான். எந்தச் சங்கத்திலும் சேராதவரும் அன்றைக்கு ஏதாவது ஒரு சங்கத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும். முன்பின் பேசியிராதவரிடம் போய் 'தோழர்' என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பிரதிநிதியும் பகலெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்தவர்தான். ராத்திரி வீட்டில் உங்கள் வவுச்சர் நகல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எந்த நாளில் யார் லீவு, எந்த நேரத்தில் எந்த ஐடி உள்ளே இருந்தது என்று பார்த்து, நிர்வாகத்தின் சாட்சியிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். உங்கள் சந்தாவில் அவருடைய பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும் இருக்கிறது.

சங்கத் தலைவர்களுக்கு மாலை போட இதை எழுதவில்லை. லெவி எவ்வளவு வசூலானது, எங்கே போனது என்று வாய் திறக்காத சங்கங்கள் உண்டு. ரிட்டயர் ஆகியும் நாற்காலியை விடாதவர்கள் உண்டு. கிளையில் வருடக்கணக்காகத் தினக்கூலியில் ஓடும் தற்காலிகப் பணியாளருக்கு அந்த 17 சதவீதத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. அவருக்காகப் பொதுக்குழுவில் எழுந்து பேசுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். நீங்கள் பேசியிருக்கிறீர்களா?

லெவி உறுத்தினால் அடுத்த பொதுக்குழுவுக்குப் போய்க் கணக்குக் கேளுங்கள். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே உறுப்பினருக்குக் கொடுத்தது. காட்ட மாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயரை விட்டுவிட்டு, சங்கத்தின் பெயரைப் போட்டே வெளியிடுகிறேன்.