தைவான் வீட்டுக் கோழி நூடுல்ஸ் சூப்: கேளுங்கள், சொல்கிறேன்

தைவானில் கோழி நூடுல்ஸ் சூப் பல வகை. வீடுகளில் அதிகம் வைப்பது இரண்டு. எள்ளெண்ணெயில் இஞ்சியை வதக்கி, அரிசி ஒயின் ஊற்றிச் செய்யும் மாயோ ஜி ஒன்று. உலர்ந்த ஷீட்டாகே காளான் போட்ட தெளிந்த சூப் இன்னொன்று. ஷின்ச்சு நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இரண்டையும் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாயோ ஜி பற்றியவை என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, முதலில் அளவோடு செய்முறையைச் சொல்லிவிடுங்கள்.

நான்கு பேருக்கு எலும்போடு வெட்டிய கோழி 1 கிலோ. தோலோடு கிடைத்தால் ரொம்ப நல்லது. முற்றிய இஞ்சி 100 கிராம், தோல் சீவாமல் நன்றாகக் கழுவி மெல்லிய வில்லைகளாக நறுக்கியது. கருப்பு எள்ளெண்ணெய் 4 மேசைக்கரண்டி, அரிசி ஒயின் 300 மி.லி., தண்ணீர் 1 லிட்டர். கிடைத்தால் ஒரு பிடி கோஜி பெர்ரி (சின்னச் சிவப்பு உலர்பழம்).

சட்டி சூடாவதற்கு முன்பே எண்ணெயையும் இஞ்சியையும் ஒன்றாகப் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். பத்து நிமிடமாவது ஆகும், அடுப்பைக் கூட்டாதீர்கள். வில்லைகளைச் சுற்றி முதலில் பொடிப்பொடியாக நுரை வரும். ஈரம் வற்ற வற்ற நுரை அடங்கி, ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டு பழுப்பேறும். அதுதான் பதம். அப்புறம் கோழியைப் போட்டு, மிதமான தீயில் தோல் லேசாகச் சிவக்கும்வரை பிரட்டுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஒயினை ஊற்றுங்கள். எரியும் அடுப்பில் ஊற்றினால் ஆவியில் தீ பிடிக்கலாம். மறுபடி பற்றவைத்து, ஒரு கொதி வந்ததும் தண்ணீர் சேர்த்து, மூடி, சிறு தீயில் பிராய்லருக்கு 25 முதல் 30 நிமிடம், நாட்டுக்கோழி என்றால் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். கோஜி பெர்ரி கடைசி ஐந்து நிமிடத்தில். உப்பு இப்போது வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

கேள்வி: நான் செய்தது கசந்துவிட்டது. எங்கே தப்பு?

எண்ணெய் தீய்ந்திருக்கும். வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் அதிகச் சூட்டைத் தாங்காது, புகைய ஆரம்பித்தாலே கசப்பு இறங்கிவிடும். இஞ்சி கருகினாலும் இதே கதைதான். தீயைக் கட்டுப்படுத்த முடியாத அடுப்பு என்றால் இஞ்சியையும் கோழியையும் சாதாரண சமையல் எண்ணெயில் வதக்குங்கள். எள்ளெண்ணெயைச் சூப் கொதிக்கும்போது ஊற்றலாம். மணம் கொஞ்சம் குறையும், கசப்பு வராது.

கேள்வி: நம்ம ஊர் நல்லெண்ணெய் போதுமா?

அப்படியே ஊற்றினால் போதாது. நம் செக்கில் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு ஆட்டுகிறோம். அவர்கள் கருப்பு எள்ளை நன்றாக வறுத்த பிறகு பிழிகிறார்கள். அதனால் எண்ணெய் அடர்ந்த பழுப்பு நிறம், வறுத்த வாசனை தூக்கலாக இருக்கும். தைவானின் தாய்னான் நகரத்துப் பக்கம் ஷிகாங் என்ற ஊர் எள் விளைச்சலுக்கே பேர்போனது.

தைவான் எண்ணெய் கிடைக்காவிட்டால் கருப்பு எள் 2 மேசைக்கரண்டியை வெறும் சட்டியில் பொரியும்வரை வறுத்து, ஆறவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். அதை நல்லெண்ணெயில் கலந்து மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கி வடிகட்டினால் வாசனை ஓரளவு வந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் மது புழங்காது. ஒயின் இல்லாமல் செய்யலாமா?

தாராளமாக. குழந்தைகளுக்காகத் தைவானிலும் அப்படிச் செய்வார்கள். தண்ணீருக்குப் பதில் கோழி எலும்பு வேகவைத்த சாறு, இஞ்சி இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஒயினுக்கு மாற்று என்று வினிகர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சூப் புளித்துப்போகும். மது பிரச்சினை இல்லை என்றால் ஜப்பானிய அரிசி மதுவான சாகே நன்றாகப் பொருந்தும்.

கொதிக்க வைத்தால் சாராயம் முழுக்கப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அரை மணி நேரம் கொதித்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தங்கிவிடும். தைவானில் பயன்படுத்தும் சிவப்பு லேபிள் அரிசி ஒயினில் 19.5 சதவீதம் ஆல்கஹால். சில வீடுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் முழுக்க அதிலேயே வேகவைப்பார்கள். அங்கே வண்டி ஓட்டுபவரின் மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். ஒயின் ஊற்றிய சூப்பைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரைத் தொடாதீர்கள்.

அந்த ஒயின் அவர்களுக்கு உப்பு, எண்ணெய் மாதிரி அன்றாடச் சமையல் பொருள். 2002-இல் தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது அதற்கும் மற்ற மதுவகைகளுக்குச் சமமாக வரி போட வேண்டி வந்து, விலை பல மடங்கு எகிறியது. வீட்டுப் பெண்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. 2010-இல் சமையல் ஒயின் என்று வகைப்படுத்தி வரியைக் குறைத்த பிறகு விலை நன்றாக இறங்கியது.

கேள்வி: பிரசவமான பெண்ணுக்குக் கொடுக்கிற சூப் இதுதானே? என் மகளுக்குச் செய்து தரலாமா, அம்மா?

அதேதான். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டோடு ஓய்வெடுக்கும் வழக்கம் அங்கே உறுதியாக இருக்கிறது. அந்த மாதத்துச் சாப்பாட்டில் இந்தச் சூப்புக்குத்தான் முதலிடம். நல்லெண்ணெய், பூண்டு, சுக்கு என்று நாம் பத்தியம் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

ஆனால் இரண்டு விஷயம். பால் கொடுக்கும் தாய்க்கு ஒயின் இல்லாமல் செய்யுங்கள், இதில் சமரசம் வேண்டாம். அடுத்து, தைவானிலேயே பலர் முதல் வாரத்தில் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சிசேரியன் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: என்ன நூடுல்ஸ்? மேகி போடலாமா?

வேண்டாம். பொரித்த நூடுல்ஸின் எண்ணெய் வாசனை எள் மணத்தைக் கெடுக்கும். அங்கே போடுவது மியென் சியென் என்ற கோதுமை நூடுல்ஸ். தலைமுடி போல மெல்லியது, இழுத்து வெயிலில் காயவைப்பது. மாவிலேயே உப்பு நிறைய இருக்கும். அதனால்தான் சூப்பில் உப்பு போடவில்லை. தனியாகக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் வேகவைத்து, வடித்து, கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றுங்கள். சட்டியிலேயே வேகவைத்தால் சூப் கஞ்சியாகிவிடும்.

இங்கே சோமென் என்ற ஜப்பானிய மெல்லிய கோதுமை நூடுல்ஸ் கிடைத்தால் அதுவே நெருக்கம். இல்லையென்றால் அரிசி சேவை. ஷின்ச்சுவே அரிசி நூடுல்ஸுக்குப் பேர்போன ஊர்தான். அந்த ஊரின் பலத்த வறண்ட காற்றில்தான் அதை உலர்த்துவார்கள். சேவை போடும்போது கிண்ணத்தில் உப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரஷர் குக்கரில் வைக்கலாமா?

நாட்டுக்கோழிக்கு வைக்கலாம். ஆனால் காளான் சூப்புக்கு நீராவிதான் அழகு. தைவான் வீடுகளில் 1960-இலிருந்து டாடோங் மின்குக்கர் இருக்கிறது. வெளிப்பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர், உள்ளே சூப் பாத்திரம். தண்ணீர் வற்றியதும் சுவிட்ச் தானாக மேலே எழும்பிவிடும். உள்ளே இருக்கிற சூப் தளதளவென்று கொதிக்காததால் கலங்குவதில்லை. நம் இட்லிப் பானையில் ஒரு பாத்திரத்தை வைத்து மூடினாலும் அதே வேலைதான்.

கேள்வி: அந்தக் காளான் சூப்பையும் இரண்டு வரியில் சொல்லுங்கள் அக்கா.

கோழியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதி வந்ததும் எடுத்துக் கழுவுங்கள், அழுக்கு நுரை போய்விடும். ஊறவைத்த காளான் எட்டு, அது ஊறிய தண்ணீர், நாலு துண்டு இஞ்சி, புதுத் தண்ணீர் சேர்த்து நீராவியில் ஒரு மணி நேரம். உப்பு கடைசியில். வெள்ளை மிளகுத்தூள் தூவலாம்.

கேள்வி: மாயோ ஜியில் மல்லித்தூள், கறிவேப்பிலை?

தயவுசெய்து வேண்டாம். நம் கோழி ரசத்துக்கு அவை உயிர். இந்தச் சூப்பில் இஞ்சியும் எள்ளும் பேச வேண்டும், இன்னொரு வாசனை வந்தால் இரண்டும் காணாமல் போய்விடும்.

கேள்வி: மீந்தால்?

நூடுல்ஸை மட்டும் மிச்சம் வைக்காதீர்கள், ஊதிப்போகும். சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சூடான சாதத்தில் ஊற்றிச் சாப்பிடலாம். நூடுல்ஸே வேண்டும் என்றால் புதிதாக ஒரு பிடி வேகவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிட வேலைதான்.