ஐந்து நிமிட ஸ்டார்ட்: நன்மையா, கெடுதலா?

வாகன வாசகர் கேள்வி பதில்

நானும் கணவரும் ஐந்து ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்கள் வைத்திருக்கிறோம். எல்லாம் ஹாண்டிலும் சைலன்சரும் மாற்றியவை. பழையது 1995 சொஃப்டெயில் மொடல். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுகிறோம். இருந்தும் பற்றரி இறங்குகிறது. சொஃப்டெயிலின் எயார் கிளீனரால் ஒயிலும் வழிகிறது. ஏன்?
*- வாசகி, வெள்ளவத்தை*

அந்த ஐந்து நிமிடத்தை முதலில் நிறுத்துங்கள். பெற்றோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். எஞ்சின் நன்றாகச் சூடேறாவிட்டால் அது வெளியேறாமல் ஒயிலிலும் சைலன்சருக்குள்ளும் தண்ணீராகத் தங்கிவிடும். ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தை ஐடிலில் ஐந்து நிமிடம் ஓடித் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கொழும்பு-காலி வீதி நெரிசலுக்கு முன் விடியற்காலையில், 20 கிலோமீற்றராவது ஓட்டுங்கள். அது முடியாதென்றால் ஸ்டார்ட் பண்ணாமலே விடுவது நல்லது. பற்றரிக்குத் தானாக நிறுத்தும் சிறிய சார்ஜர் போதும். நின்ற நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள்.

ஒயில் வழிவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. இந்த எஞ்சினில் ஒயில் தனித் தாங்கியில் இருக்கிறது. நீண்ட நாள் நின்றால், ஒயில் பம்பில் வழியை அடைக்கும் சிறு உருண்டை சரியாக மூடாதபோது, ஒயில் மெல்ல எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும். குளிர்ந்த நிலையில் அளவுக்குச்சியைப் பார்ப்பவர் குறைந்துவிட்டதென்று அரை லீற்றர் ஊற்றுவார். ஸ்டார்ட் பண்ணியதும் கீழே இறங்கியது தாங்கிக்குத் திரும்பும், மிஞ்சியது எயார் கிளீனர் வழியே கக்கும். ஓட்டிச் சூடேறிய பிறகுதான் அளவு பாருங்கள். சரியான அளவிலும் தொடர்ந்து வழிந்தால் அந்த உருண்டையையும் ஸ்பிரிங்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கடல் உப்பு குரோமைச் சும்மா விடாது. ஓடி வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, மெழுகு பூசிப் பருத்தித் துணியால் மூடுங்கள். பொலித்தீன் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

என் ஹார்லியின் அமெரிக்கக் கையேட்டில் 91 ஒக்டேன் என்றிருக்கிறது. 92 பெற்றோல் அடிக்கலாம்தானே?
*- வாசகர், கொட்டாஞ்சேனை*

கூடாது. இரண்டும் வேறு அளவுமுறைகள். அமெரிக்காவில் இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுவார்கள், இங்கே அவற்றில் கூடிய எண் தரும் ஒன்றை மட்டும் போடுவார்கள். அங்கே 91 என்பது இங்கே ஏறக்குறைய 95. வெயிலில், நெரிசலில் 92 அடித்து ஏற்றம் ஏறும்போது கிணுகிணு என்று சத்தம் கேட்டால், அது பிஸ்டனுக்கு விழும் அடி.

என் ஹார்லி எஞ்சினுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கிய 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகிவிடுகிறது. அழுத்தித் திருப்பலாமா?
*- வாசகர், தெஹிவளை*

உடனே கழற்றுங்கள்! உங்கள் எஞ்சின் ஓட்டை 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீற்றர். தடிப்பு ஒன்றுபோல இருந்தாலும் புரி இடைவெளி வேறு. இரும்பு போல்ட் அலுமினியப் புரியை அறுத்துவிடும். ஸ்பனரும் அங்குலக் கணக்கில்தான் வேண்டும். 9/16 அங்குலத் தலைக்கு 14 மில்லிமீற்றர் ஸ்பனர் நுழையாது, 15 போட்டால் மூலை மழுங்கும். பிரேக் ஒயிலிலும் இதே கவனம் தேவை. பழைய மொடல்களின் பிரேக் ஒயில் மூடியில் டொட் 5 என்று வகை எழுதியிருக்கும். அது சிலிக்கோன். கராஜில் பழக்கத்தில் டொட் 4 ஊற்ற விடாதீர்கள், இரண்டும் கலக்கவே கூடாது.