பெரியப்பாவின் பென்சில் குறிப்புகள்

கேள்வி: நாணயம் சேர்த்த என் பெரியப்பா மறைந்த பிறகு, அவருடைய பழைய நாணய நூல்களும் கட்டுக் கட்டாக ஏலப் பட்டியல்களும் என்னிடம் வந்திருக்கின்றன. சில தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதாமே, இவற்றை வைத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அந்த ஏலப் பட்டியல்களைத் தனியாக எடுத்து வையுங்கள். நூல்களைவிட அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பார்க்லே ஹெட் 1887இல் பண்டைய கிரேக்க நாணயங்களைப் பற்றி எழுதிய 'ஹிஸ்டோரியா நியூமோரம்' போன்ற நூல் எத்தனையோ நூலகங்களில் இருக்கும், இணையத்திலும் இருக்கிறது. ஏலப் பட்டியல் அப்படியல்ல. ஏலம் முடிந்ததும் குப்பைக்குப் போவது அது. உங்கள் பெரியப்பா ஓரத்தில் பென்சிலால் விலையையும் வாங்கியவர் பெயரையும் குறித்திருந்தால், அந்தத் தகவல் உலகத்திலேயே அந்த ஒரு பிரதியில் மட்டும் இருக்கலாம். ஒரு நாணயம் யார் யார் கை மாறி வந்தது என்று தேடுபவருக்கு அதுதான் பிடி.

அப்புறம் உங்கள் நூல்கள் இணையத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகம் ஒன்று. நியூமன் நாணயவியல் தளம் இன்னொன்று. 106 வயது வரை வாழ்ந்து 2017இல் மறைந்த நாணயச் சேகரிப்பாளர் எரிக் நியூமனின் அறக்கட்டளைப் பணத்தில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்துவது. நூல்களோடு ஏலப் பட்டியல்களையும் அங்கே பார்க்கலாம்.

உங்கள் நூல் அங்கே இருந்தாலும் உடனே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். படத்தாள்களைத் திறந்து பாருங்கள். மடிப்புத் தாளைப் பிரிக்காமலே ஸ்கேன் செய்திருப்பார்கள். படத்தின் மேல் கிடக்கும் மெல்லிய காப்புத் தாளை விலக்காமல் எடுத்து, நாணயத்துக்குப் பதில் பனிமூட்டம் தெரியும்.

நானும் யோக்கியன் இல்லை. கோப்பு சிறிதாக இருக்கட்டும் என்று ஒரு நூல் முழுவதையும் வெறும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்துவிட்டு, நூலைக் கொடுத்துவிட்டேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. படத்தில் அரசனுடைய மூக்கும் முடியும் சேர்ந்து ஒரே மைத்திட்டு. அந்தக் காலத்தில் நாணயத்தைப் பிளாஸ்டரில் அச்செடுத்துத்தான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள். விவரமெல்லாம் சாம்பல் நிற ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. ஆகவே வண்ணத்திலேயே எடுங்கள், அங்குலத்துக்கு 600 புள்ளி. தாள் நொறுங்கினால் நூலை முழுதாக விரித்து அழுத்தாதீர்கள். பாதி திறந்த நிலையில் தாங்கி, மேலிருந்து படமெடுங்கள்.

பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். பழைய படத்தாள்களில் நாணயம் பெரும்பாலும் அதன் அசல் அளவிலேயே இருக்கும். கையிலிருப்பதை மேலே வைத்தே ஒப்பிட்டுவிடலாம். திரையில் அந்த வசதி போய்விடுகிறது. நாணயத்தின் எடையையும், ஸ்கேனிலிருந்து கணினி படித்துத் தரும் எழுத்தை நம்பிக் குறிக்காதீர்கள். கணினி 3-ஐ 8 என்று படித்துவிடும், எடை பொருந்தாமல் நல்ல நாணயம் போலியாகத் தெரியும். பக்கத்தின் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கேள்வி: ஸ்கேன் செய்ததை நானே இணையத்தில் ஏற்றலாமா?

பதில்: காப்புரிமைக் காலம் முடிந்திருந்தால் தாராளமாக. அமெரிக்காவில் பழைய நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. பல நாடுகளில் ஆசிரியர் இறந்தபின் 50 முதல் 70 ஆண்டு. பென்சில் குறிப்புள்ள பட்டியல்களை மட்டும், ஏற்றிய பிறகும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.