பெல்வெடேர் வோட்கா உருவாகும் விதம்: கேள்வி பதில்

கேள்வி: பெல்வெடேர் எதிலிருந்து, எப்படித் தயாராகிறது?

பதில்: போலந்தில் விளையும் ரை தானியமும் தண்ணீரும்தான் அடிப்படை, சர்க்கரையோ கிளிசரினோ சேர்ப்பதில்லை. அரைத்த தானியத்தை வேகவைத்து, நொதிகளைக் கொண்டு மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ரையைக் கையாள்வது எளிதன்று. அதிலுள்ள பென்டோசன் என்னும் பசைப்பொருளால் கூழ் கெட்டிப்பட்டுக் குழாய்களில் நகர மறுக்கும். புளிக்கும்போது நுரை பொங்கித் தொட்டியின் விளிம்பைத் தொடும். இதனாலேயே பலரும் கோதுமைக்கு மாறிவிடுகிறார்கள். ஊர்ப்புறத்து வடிசாலைகளில் எடுக்கப்படும் முதல் சாராயம் வார்சாவுக்குத் தென்மேற்கே உள்ள ஜிரார்துவ் ஆலைக்கு வருகிறது. 1910இல் தொடங்கிய அந்த ஆலை அதை மேலும் வடித்துத் தூய்மையாக்கி, தன் ஆழ்கிணற்று நீரைக் கலந்து 40 விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறது. பெல்வெடேர் என்ற பெயரில் அது 1993இல் அறிமுகமாயிற்று.

கேள்வி: இது நான்கு முறை வடிக்கப்படுகிறது. ஆறு முறை வடித்தது இதைவிட உயர்ந்ததுதானே?

பதில்: இல்லை. அந்த எண்ணை நம்பி வாங்க வேண்டாம். இடைவிடாமல் வடிக்கும் உயரமான கருவியான தொடர்வடிப்புக் கோபுரத்தின் உள்ளே பல தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டிலும் ஆவி குளிர்ந்து, மீண்டும் கொதித்து மேலேறுகிறது. ஒரே கோபுரம் செய்யும் வேலையை ஒருவர் ஒன்று என்றும், மற்றொருவர் பல என்றும் எண்ணிக்கொள்ளலாம்.

கேள்வி: ஆனாலும் வடிக்க வடிக்கத் தூய்மை கூடத்தானே செய்யும்?

பதில்: ஓர் எல்லை வரையில்தான் கூடும். எத்தனால் எடையில் ஏறத்தாழ 95.6 விழுக்காட்டை எட்டியதும், அதுவும் தண்ணீரும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகின்றன. சாதாரண வடிப்பால் அதைத் தாண்ட முடியாது. அதற்கு முன்பே நிகழும் இழப்பு ஒன்று உண்டு: ரையின் மிளகுக் காரமும் ரொட்டி மணமும் தரும் நுண்பொருள்கள் ஒவ்வொரு வடிப்பிலும் குறைந்துகொண்டே போகின்றன. கெட்டதை நீக்கிவிட்டு நல்லது போவதற்குள் நிறுத்தத் தெரிந்திருப்பதே வடிப்பவரின் திறமை.

கேள்வி: ஐந்து முறை வடித்த வோட்கா எப்படி?

பதில்: மேலே சொன்னதே பதில். எண் எதையும் சொல்லாது.

கேள்வி: வோட்காவுக்குச் சுவையே கிடையாது என்பதுதானே இலக்கணம்? புட்டிக்குத்தானே விலை கொடுக்கிறோம்?

பதில்: விலையில் புட்டிக்கும் விளம்பரத்துக்கும் பெரும்பங்கு உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவை கிடையாது என்பதை ஒப்பமாட்டேன். மணமோ சுவையோ தனித்தன்மையோ அற்றது என்ற வரையறையை அமெரிக்காவே 2020இல் கைவிட்டது. பெல்வெடேர் நிறுவனமே ஒரே ரை வகையை இரண்டு இடங்களில் விளைவித்து, தனித்தனியாக வடித்து, ஸ்மோகூரி காடு, பார்தென்ஷெக் ஏரி என்று இரண்டு வோட்காக்களை வெளியிட்டது. முதலாவதில் உப்பும் கேரமலும் கலந்த அழுத்தம் தெரியும். இரண்டாவது மென்மையானது, புதினாவை நினைவூட்டுவது. ஐயமுள்ளவர்கள் இரண்டையும் குளிரூட்டாமல், சிறிது தண்ணீர் கலந்து, அருகருகே வைத்து முகர்ந்து பார்க்கட்டும். உறையும் குளிரில் வைத்தால் குறையும் மறையும், நிறையும் மறையும்.

கேள்வி: திராட்சையிலிருந்து எடுப்பதை வோட்கா என்று சொல்லலாமா?

பதில்: சட்டப்படி சொல்லலாம். போலந்து போன்ற நாடுகள் கடுமையாக எதிர்த்த பிறகு, தானியமும் உருளைக்கிழங்கும் அல்லாத மூலப்பொருளைப் புட்டியில் ஒட்டும் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் விதித்தது. ‘போலந்து வோட்கா’ என்ற பெயருக்கோ அந்நாட்டில் விளைந்த தானியமோ உருளைக்கிழங்கோ மட்டுமே தகும்.

கேள்வி: வீட்டிலேயே வடித்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. மதுசார ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பெரும்பாலான நாடுகளில் அது குற்றமும்கூட.

கேள்வி: சிறிய கருவியில், கொஞ்சமாக மட்டும்?

பதில்: கூடாது. கருவி சிறியதானாலும் தீ தீதான்.

கேள்வி: எனக்குக் குளூட்டன் ஒவ்வாது. ரை வோட்கா அருந்தலாமா?

பதில்: குளூட்டன் ஒரு புரதம். வடிப்பில் அது ஆவியோடு ஏறுவதில்லை. ஆயினும் உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தால் சுவை கூடுமா? நான்கு முறை வடித்தது என்பதால் கேட்கிறேன்.

பதில்: கூடாது. கண்ணாடிப் புட்டிக்குள் வோட்கா முதிர்வதில்லை. வடிப்பின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இறுக மூடி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.