தொலைதூரக் குளிர் புறக்கோள் ஒன்றில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

அங்கு நிலவும் மைனஸ் 220 டிகிரி செல்சியஸ் குளிரில் எதுவும் உயிரோடு இருக்காது என்று முடிவு கட்டிவிட்டே இதைக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது 2006 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஓகிள்-2005-பிஎல்ஜி-390எல்பி என்ற புறக்கோள், அதாவது சூரியனை அல்லாமல் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள், என்றே கொள்கிறேன். 20,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால், செங்குறுமீன் எனப்படும் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன் ஒன்றைச் சுற்றும் இக்கோளின் நிறை பூமியைப் போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு.

இதைப் பற்றி ஓர் அறிவியல் இதழுக்கு எழுதிய கட்டுரையால் நான் நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேற்பரப்பில் நமக்கு வேலையில்லை என்றுதான் தொடங்கியிருந்தேன். நைட்ரஜன் மைனஸ் 210 டிகிரியிலும் ஆக்சிஜன் மைனஸ் 219 டிகிரியை ஒட்டியும் உறைந்துவிடுவதால், நாம் சுவாசிக்கும் காற்றே அங்கு தரையில் கெட்டியாகக் கிடக்கும். ஆனால் மேலே நிலவும் குளிரைக் கொண்டு அடியில் இருப்பதைத் தீர்மானிக்க முடியாது. அண்டார்க்டிகாவின் வாஸ்டாக் நிலையத்தில் 1983இல் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது; அதே இடத்தில், கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் பனிக்கட்டிக்குக் கீழே, பூமியின் உள்வெப்பத்தாலும் பனியின் அழுத்தத்தாலும் உறையாத ஏரி ஒன்று இருக்கிறது. இந்தக் கோளின் பாறையிலும் வெப்பம் தரும் கதிரியக்கத் தனிமங்கள் இருந்து, மேலே போதிய பனியும் போர்த்தியிருந்தால், ஆழத்தில் நீர் திரவமாக இருக்கலாம்.

அந்த இருட்டில் எதை உண்டு வாழ்வது என்று கேட்பீர்கள். 1977இல் பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகள் அருகே ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் கண்டறியப்பட்ட குழாய்ப் புழுக்களைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். அது அவ்வளவு பொருத்தமில்லை, ஏனென்றால் அவற்றுக்கு உணவளிக்கும் பாக்டீரியாக்கள் பயன்படுத்தும் ஆக்சிஜன் மேலே சூரிய ஒளியில் உருவானது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் உண்டாக்கிப் பிழைக்கும் நுண்ணுயிர்களே சரியான உதாரணம். அவற்றுக்கு ஒளியும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம். அங்கு உயிர் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, இருக்க முடியாது என்ற தீர்ப்புக்கு ஆதாரம் போதாது என்கிறேன். சண்டைக்கு வருபவர்கள் இவ்வரியை இன்னொரு முறை படித்துவிட்டு வரவும்.

இவ்வளவு நிதானமாக எழுதிய கட்டுரைக்கு அந்த இதழ் வைத்த தலைப்பு "பனிக்கோளில் உயிர்கள்!". பக்கம் முழுக்க நீலக் கடலும் வானத்தில் இரண்டு நிலவுகளுமாக ஒரு படம். அது ஓவியரின் கற்பனை என்ற குறிப்புகூட இல்லை. பொய் எழுதுகிறேன் என்று வாசகர்கள் திட்டியது என்னைத்தான். உண்மையில் இக்கோளை எவரும் பார்த்ததில்லை. 2005 ஆகஸ்டில், பின்னாலிருந்த வேறொரு விண்மீனின் ஒளியை இக்கோளின் ஈர்ப்பு வளைத்ததால் ஏறத்தாழ ஒரு நாள் தெரிந்த சிறு பிரகாச மாற்றமே நம்மிடம் உள்ள சான்று. அதைக் கொண்டு நிறையையும், விண்மீனிலிருந்து உள்ள தூரத்தையும் கணிக்கலாம். குளிர்கூட அத்தூரத்திலிருந்து கணக்கிட்டதுதான், அளந்ததன்று. நிலவுகளை அவர்கள் எங்கிருந்து பிடித்தார்கள்?

வாயேஜர் 1 விண்கலம் செல்லும் வேகத்தில் அங்கு போய்ச் சேர முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், சரிபார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. இதே கேள்விக்கு நம் காலத்தில் ஏதேனும் விடை வேண்டுமானால் வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவைக் கவனியுங்கள். மைனஸ் 160 டிகிரி அளவில் உறைந்த அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையவிருக்கிறது.